எழுத்துக் கூட்டும் வித்தை

ஆறாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு வருஷம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய பாடவேளை. வெளியே நல்ல வெயில். உள்ளே பாதி வகுப்பு தூக்கக் கலக்கத்தில் இருந்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பையனை எழுந்து பாடத்தை வாசிக்கச் சொன்னேன். அவனுக்குக் கணீரென்ற குரல். ஒரு சொல்லிலும் தடுக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் முழுவதையும் வாசித்து முடித்தான். "பேஷ்!" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கொல்லென்று சிரித்துவிட்டான். என்ன விஷயம் என்று அருகில் போய்ப் பார்த்தேன். பையன் கையில் விரித்து வைத்திருந்தது முந்தின பாடம்!

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மணி அடித்த பிறகு அவனை மட்டும் நிறுத்திக்கொண்டு, அவன் ஒப்பித்த பாடத்திலேயே வரும் நாலைந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். பாடத்தில் இருந்த வரிசையை மாற்றியதைத் தவிர வேறு சூழ்ச்சி ஒன்றும் நான் செய்யவில்லை. ஆயினும் ஒரு சொல்லைக்கூட அவனால் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஒரு கணம் பார்ப்பான். பிறகு என் முகத்தைப் பார்ப்பான். என் உதடு அசைகிறதா என்று பார்ப்பான். முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதே எழுத்தில் தொடங்கும் வேறு ஏதேனும் ஒரு சொல்லைச் சொல்லி, அது சரிதானா என்று மறுபடியும் என் முகத்தைப் பார்ப்பான். எழுத்தை வாசிக்கத் தெரியாத அந்தப் பையன் மனிதர் முகத்தை வாசிப்பதில் கைதேர்ந்திருந்தான். ஐந்தாம் வகுப்பிலும் அவனுக்கு இங்கிலீஷ் நடத்தியவன் நான்தான். இரண்டு வருஷமாக வாசிப்புக்கு நல்ல மார்க்குப் போட்டு வந்தவனும் நான்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு விஷயம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இதே பையனிடம் தமிழ்ப் புத்தகத்தில் அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்தால், தட்டித் தடுமாறியாவது வாசித்துவிடுவான். அங்கே அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறான். தமிழில் படிக்கத் தெரிந்தவனுக்கு இங்கிலீஷில் மட்டும் ஏன் கண் தெரியாமல் போயிற்று?

தமிழை நாம் எப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டோம் என்று நேயர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 'அ' என்ற எழுத்தின் பெயரும் 'அ'. அதன் ஒலியும் 'அ'. உயிர் 12, மெய் 18, இரண்டும் கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216, தனித்து நிற்கும் ஆய்தம் 1. ஆக மொத்தம் 247. இந்தத் தொகையைக் கேட்டு அயலார் மிரளக்கூடும். ஆனால் 'க்' என்பதுடன் 'அ' சேர்ந்தால் 'க', 'ஆ' சேர்ந்தால் 'கா' என்று ஒரு வரிசையின் இரகசியத்தைப் பிடித்துக்கொண்ட குழந்தைக்கு மற்றப் பதினேழு வரிசைகளும் பாதி வந்தது போலத்தான். "எழுத்துக் கூட்டிப் படி" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்களே, அந்த ஒரு வாக்கியத்தில் வாசிப்புக் கலையின் அஸ்திவாரம் அடங்கியிருக்கிறது.

இனி இங்கிலீஷுக்கு வருவோம். "எம், ஏ, என் - மேன்" என்று நாம் ராகம் போட்டுக் கற்றுக்கொண்டோம். நம் குழந்தைகளுக்கும் அப்படியே கற்றுக்கொடுக்கிறோம். எம், ஏ, என் என்ற மூன்றையும் எவ்வளவு வேகமாகக் கூட்டினாலும் 'எம்மேயென்' என்றுதான் வருமே தவிர, 'மேன்' என்று ஒருநாளும் வராது. அவை எழுத்துக்களின் பெயர்கள், ஒலிகள் அல்ல. சில பெயர்களில் அந்த எழுத்துக்கு உரிய ஒலியே கிடையாது. 'எச்' என்ற பெயரில் 'ஹ' எங்கே இருக்கிறது? 'டபிள்யூ' என்பதில் 'வ' எங்கே? இருந்தும், மூன்று பெயரைச் சொல்லிவிட்டு நாலாவதாக ஒரு சொல்லைச் சொன்னால், அந்த மூன்றிலிருந்து இந்த நாலாவது எப்படி வந்தது என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளும்படி குழந்தையைப் பழக்குகிறோம். கெட்டிக்காரக் குழந்தைகள் சிலர் நடுவில் உள்ள சூட்சுமத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் சொல்லைப் படம் போல மனப்பாடம் செய்கிறார்கள். என் மாணவன் அந்த மற்றவர்களில் ஒருவன்.

வீட்டுச் சுவர்களில் தொங்கும் வர்ணப் படங்களும் இந்தக் குழப்பத்துக்குத் தங்களால் ஆன உதவியைச் செய்கின்றன. 'ஏ' என்ற எழுத்துக்கு ஆப்பிள், பாதகமில்லை. 'ஐ' என்ற எழுத்துக்கு ஐஸ்கிரீம். 'பின்', 'டின்', 'மில்க்' முதலிய எத்தனையோ சின்னச் சொற்களில் அந்த எழுத்துக்கு 'இ' என்ற ஒலிதான் உண்டு என்பது ஐஸ்கிரீமைப் பார்த்து எச்சில் ஊறும் குழந்தைக்கு எப்படித் தெரியும்? 'எக்ஸ்' என்ற எழுத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் வரைந்து, 'எக்ஸ்மஸ்' என்று கீழே போட்டிருப்பார்கள். அங்கே அந்த எழுத்து கிறிஸ்துவின் பெயருக்குச் சுருக்கமாக நிற்கிறதேயன்றி, தன் சொந்த ஒலியைத் தரவேயில்லை!

எழுத்தின் ஒலியைக் கற்பித்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கும் முறைக்கு இங்கிலீஷ் பேசும் நாடுகளில் 'ஸிந்தெடிக் ஃபானிக்ஸ்' என்று பெயர். ஸிந்தெடிக் என்றதும் செயற்கைப் பட்டுச் சேலை ஞாபகத்துக்கு வரலாம். இங்கே அந்தச் சொல்லுக்குக் 'கூட்டிச் சேர்த்தல்' என்பதே பொருள். நம் பாட்டிமார் சொன்ன அதே 'கூட்டி'தான். இதை ஓர் ஒழுங்கான வரிசையில், நாள் தவறாமல், எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகக் கொண்டுபோவதுதான் அந்த முறையின் உயிர்நிலை. ஏ, பி, ஸி என்ற நெடுங்கணக்கு வரிசை அதற்கு உதவாது. எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் என்ற ஆறு எழுத்துக்களின் ஒலியை முதலில் கற்பிப்பார்கள். இந்த ஆறைக் கொண்டே 'ஸிட்', 'பின்', 'டின்', 'பேன்', 'ஸ்பின்' என்று எத்தனையோ சொற்களைக் கூட்டிவிடலாம். 26 எழுத்தையும் முடிக்கும் வரையில் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்களிலேயே குழந்தை தானாக ஒரு சொல்லை வாசித்துவிடுகிறது. பிறகு எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் 'ஷ்', இரண்டு ஈ சேர்ந்தால் 'ஈ' என்ற நீண்ட ஒலி என்று கூட்டெழுத்துக்கள் வரும். 'தி', 'ஒன்', 'ஸெட்' முதலிய அடங்காப் பிள்ளைகளை அவ்வப்போது ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவார்கள்.

இவ்வளவு சாதாரணமான விஷயத்துக்கு ஏன் தனிப் பெயரும், அதைச் சுற்றிப் பல ஆண்டுச் சண்டையும் என்று நேயர்கள் கேட்கலாம். குற்றம் இங்கிலீஷ் எழுத்தின் மேல்தான். எழுத்துக்கள் 26, பேச்சில் வழங்கும் ஒலிகளோ சுமார் 44. ஓ, யூ, ஜீ, எச் என்ற நாலு எழுத்துக்களும் வரிசையாக ஒரு சொல்லின் முடிவில் வந்தால், 'த்ரூ' என்ற சொல்லில் ஓர் ஒலி, 'தோ' என்ற சொல்லில் வேறு ஒலி, 'காஃப்' என்பதில் மூன்றாவது, 'ரஃப்' என்பதில் நாலாவது! ஐரோப்பாவில் 13 மொழிகளைப் படிக்கத் தொடங்கிய குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2003-ல் வெளியாயிற்று. முதல் வருஷப் படிப்பின் முடிவில், பழக்கமான சொற்களில் பின்லாந்துக் குழந்தைகள் நூற்றுக்கு 98-ஐச் சரியாக வாசித்தார்கள். இங்கிலீஷ் படித்த ஸ்காத்லாந்துக் குழந்தைகள் வாசித்தது நூற்றுக்கு 34. பின்லாந்தில் குழந்தைகள் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஸ்காத்லாந்தில் ஐந்திலேயே போய்விடுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எனினும் வயது வித்தியாசம் ஒன்றால் மட்டும் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்துவிடாது. பின்லாந்து மொழியில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற நியாயம் ஏறக்குறைய முழுவதும் செல்லும்.

ஆகவே, "இப்படிப்பட்ட எழுத்தை நம்பிப் பயனில்லை, சொல்லை முழு உருவமாகப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளட்டும்" என்று சென்ற நூற்றாண்டில் கல்வியாளர் பலர் முடிவு கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் டிக், ஜேன் என்ற இரு குழந்தைகளைப் பாத்திரமாக வைத்த வாசகப் புத்தகங்கள் வீடுதோறும் பரவியிருந்தன. ஒரே சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப அச்சிட்டு, பார்த்துப் பார்த்தே மனத்தில் பதியவைக்கும் ஏற்பாடு அது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் 1955-ல் இந்த முறையைக் கடுமையாகத் தாக்கி ஒரு புத்தகம் எழுதினார். ஜனங்கள் அதை வாங்கிப் படித்தார்கள்; புரொபஸர்கள் சீறினார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜீன் சால் என்ற அம்மையார் சீறாமல் உட்கார்ந்து, அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பரிசீலனை செய்து, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள சம்பந்தத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாகக் கற்பிப்பதுதான் மேலான பலன் தருகிறது என்று 1967-ல் எழுதினார்.

ஆனால் அதே 1967-ல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்க அறிஞர், வாசிப்பது என்பதே ஒருவகை ஊகிக்கும் விளையாட்டு என்று ஒரு கட்டுரையில் வாதித்தார். தேர்ந்த வாசகன் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. வாக்கியத்தின் போக்கைக் கொண்டு அடுத்த சொல்லை ஊகித்துக்கொண்டே போகிறான் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. "சொல் தெரியவில்லையா? படத்தைப் பார், வாக்கியத்தில் எது பொருந்தும் என்று யோசி, முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்" என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியது. பிற்பாடு கண்ணின் அசைவைக் கருவி கொண்டு அளந்து பார்த்தபோது, நன்றாக வாசிப்பவர்களின் கண் பெரும்பாலான சொற்களில் நின்று எழுத்துக்களைப் பார்த்தே செல்கிறது என்று தெரிந்தது. ஊகத்தை அதிகமாக நம்புகிறவர்கள் வாசிக்கத் திணறுகிறவர்களே. கரும்பலகையின் முன்னால் என் மாணவன் செய்தது என்ன? முதல் எழுத்தைப் பார்த்தான், ஊகித்தான், படம் இல்லாத குறைக்கு என் முகத்தைப் பார்த்தான். அந்தக் கொள்கையை அவன் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனால் அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றினான்.

இந்த வழக்கில் பெரிய திருப்பம் ஏற்பட்டது ஸ்காத்லாந்தில். ஸ்காத்லாந்துக்கும் சென்னைக்கும் பாலபாட விஷயத்தில் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லிவிடுகிறேன். செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் குழந்தைகளுக்காக ஏற்பட்டிருந்த அநாதை விடுதியைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போகையில், பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே வாயால் சொல்லிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். பெரிய பையன்களைக் கொண்டு சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். திரும்பிப் போய் 1797-ல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது பிரிட்டனில் பரவியது. செயிண்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தைக் கொண்டு நிறுவிய பள்ளிக்கூடத்துக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே பெயர். பெல் எடுத்துச் சென்றவை மணலும் சட்டாம்பிள்ளை ஏற்பாடுமே. எழுத்துக் கூட்டும் வித்தை அவர் மூட்டையில் இருந்ததாகச் சொல்லமுடியாது. ஆனாலும் கண், கை, வாய், காது நான்கையும் ஒரே சமயத்தில் எழுத்தில் ஈடுபடுத்தும் அந்தத் திண்ணைப் பள்ளி வழக்கத்தைப் புதிய முறையின் வகுப்பிலும் பார்க்கலாம்.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் இருக்கும் ஃபைஃப் ஜில்லாவுக்கு அடுத்தாற்போல் இருப்பது கிளாக்மானன்ஷைர் என்ற மிகச் சிறிய ஜில்லா. 1997-ல் ரோனா ஜான்ஸ்டன், ஜாய்ஸ் வாட்ஸன் என்ற இரு அம்மையார்கள் அங்கே பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஐந்து வயதுக் குழந்தைகள் சுமார் 300 பேரை எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். மொத்தம் 13 வகுப்புகள். அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான முறை: ஒரே எழுத்தில் தொடங்கும் முழுச் சொற்களைக் காட்டி, அவற்றில் பொதுவான ஒலியைப் பிரித்து உணரச் செய்வது. இரண்டாவது கூட்டத்துக்கு அதோடு, எழுத்தைக் காட்டாமல் வாயாலேயே ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சியும் உண்டு. மூன்றாவது கூட்டத்துக்கு எழுத்தொலிகளைக் கற்பித்துக் கூட்டிப் படிக்கும் முறை. நாளைக்கு இருபது நிமிஷம்; மொத்தம் பதினாறு வாரம். மூன்றாவது கூட்டத்துக் குழந்தைகளின் கையில் இரும்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளும் காந்த எழுத்துக்களைக் கொடுத்தார்கள். உபாத்தியாயர் சொல்லைச் சொல்வார். குழந்தை அதிலுள்ள ஒலிகளுக்கு உரிய எழுத்துக்களைத் தேடி எடுத்து வரிசையாக வைக்கும். பிறகு எழுத்துக்களை ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளி, ஒலிகளையும் அவ்வாறே நெருக்கிக் கூட்டிச் சொல்லும். கூட்டுவது எப்படி என்று விரலுக்கே தெரிந்துவிடுகிறது!

பதினாறு வார முடிவில் மூன்றாவது கூட்டத்தார் மற்ற இரு கூட்டத்தாரையும்விட வாசிப்பில் சுமார் ஏழு மாதப் படிப்பு முன்னேறியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக் குழந்தைகள்தான் மூன்றிலும் அதிக ஏழ்மையான வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது கவனிக்கத் தக்கது. இதைக் கண்ட பிறகு மற்றவர்களை வெறுமனே வைத்திருக்க மனமில்லாமல் எல்லோருக்கும் அதே முறையைக் கற்பித்துவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து, ஆரம்பப் பள்ளியை விட்டுப் போகும் தறுவாயில், அந்தக் குழந்தைகளை மறுபடியும் சோதித்து 2005-ல் அறிக்கை வெளியிட்டார்கள். சொற்களை வாசிப்பதில் அவர்கள் தங்கள் வயதுக்கு மூன்றரை வருஷம் முன்னால் இருந்தார்கள். எழுத்துப் பிழையின்றி எழுதுவதில் ஒரு வருஷம் எட்டு மாதம் முன்னால் இருந்தார்கள். சொல் வாசிப்பில் பையன்கள் பெண்களை மிஞ்சியிருந்தார்கள். வாசிப்பில் பெண் குழந்தைகளே முந்திக்கொள்வது உலக வழக்கமாகையால் இது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதே அறிக்கையில் மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. கொண்டாடுகிறவர்கள் அதை மெல்ல முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். படித்ததன் பொருளைப் புரிந்துகொள்வதில் அந்தக் குழந்தைகள் வயதுக்கு முன்னால் இருந்தது வெறும் மூன்றரை மாதம். மூன்றரை வருஷம் எங்கே, மூன்றரை மாதம் எங்கே! தவிர, குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை என்றும், முதல் வருஷத்துக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூட்டமே மிஞ்சவில்லை என்றும் அறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் நியாயமானதுதான். 2006-ல் கரோல் டார்கர்ஸன் முதலியோர் பல பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, ஒலிகளை ஒழுங்கான வரிசையில் கற்பிப்பது நல்லது என்பதற்குச் சான்று கிடைத்தது. ஆனால் கூட்டும் முறை பிரிக்கும் முறையைவிட உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லச் சான்று போதவில்லை என்றே எழுதினார்கள்.

இங்கிலாந்து அரசாங்கம் அவ்வளவு தயங்கவில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்த ஸர் ஜிம் ரோஸ் 2006 மார்ச்சில் கொடுத்த அறிக்கையை ஏற்று, அந்த நாட்டின் ஆரம்பப் பள்ளிகளிலெல்லாம் கூட்டிப் படிக்கும் முறையைப் புகுத்தினார்கள். 2012 முதல் முதல் வகுப்புக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பரீட்சை. மொத்தம் 40 சொற்கள். அவற்றில் 20 மெய்யான சொற்கள். மற்ற 20 எந்த அகராதியிலும் இல்லாத பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் வேற்றுலகத்து விசித்திரப் பிராணி ஒன்றின் படம் போட்டிருக்கும். "இது இந்தப் பிராணியின் பெயர்" என்று குழந்தைக்குச் சொல்லிவிடுவார்கள். இல்லாத சொல்லை எதற்காகப் படிக்கவேண்டும் என்று எழுத்தாளர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். நான் மட்டும் கோபிக்கவில்லை. என் மாணவனிடம் இரண்டு வருஷத்துக்கு முன்பே இப்படி ஒரு பொய்ச் சொல்லை எழுதிக் காட்டியிருந்தால், அவன் மெய்யான நிலைமை அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிருக்கும். மனப்பாடம் செய்திருக்க முடியாத ஒன்றை எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பரீட்சையில் 32 வாங்கினால் தேர்ச்சி. 2012-ல் நூற்றுக்கு 58 குழந்தைகள் தேறினார்கள், 2019-ல் 82, கொள்ளை நோயின் பின் சரிந்து, 2024-ல் 80. முதலிரண்டு வருஷ முடிவுகளைப் படமாக வரைந்து பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. 31 மார்க்கு வாங்கியவர்கள் வெகு சிலர். சரியாக 32 வாங்கியவர்களோ திடீரென்று மலைபோல் உயர்ந்து நின்றார்கள்! தேர்ச்சி மார்க்கு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்த உபாத்தியாயர்களின் இளகிய மனம்தான் காரணம். 2014 முதல் அந்த எண்ணைப் பரீட்சை முடிந்த பிறகே சொன்னார்கள், மலையின் உயரமும் குறைந்தது. உபாத்தியாயர் ஜாதி உலகெங்கும் ஒன்றுதான் என்று எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

சர்வதேச வாசிப்புப் பரீட்சையில் 2021-ல் இங்கிலாந்தின் பத்து வயதுக் குழந்தைகள் 558 புள்ளி பெற்று நாலாவது இடத்தில் நின்றார்கள். அதற்கு இந்த முறை ஒன்றே காரணம் என்று சிலரும், ஒரே முறையைக் கட்டிக்கொண்டு அழுவது தவறு என்று சிலரும் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தைவிட என் மனத்தைத் தொட்டது 2018-ல் வெளியான வேறோர் ஆராய்ச்சி. ஸ்டீபன் மேச்சின், ஸாண்ட்ரா மக்னலி, மார்ட்டினா வியாரெங்கோ என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள், இந்த முறை இங்கிலாந்தில் ஜில்லா ஜில்லாவாகப் புகுந்த காலத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் பலன் நன்றாகத் தெரிந்தது. பதினொரு வயதாகும்போது சராசரிக் குழந்தைக்கு அந்தப் பலன் மறைந்துவிட்டது. வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் எந்த முறையிலும் காலப்போக்கில் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் இரு சாராருக்குப் பலன் நிலைத்து நின்றது. ஒரு சாரார் ஏழைக் குழந்தைகள். மற்றொரு சாரார் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத குழந்தைகள். என் மூன்றாவது பெஞ்சுப் பையன் இரண்டு சாராரிலும் சேர்ந்தவன்.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் நாள்தோறும் இருபது நிமிஷம் அவனை உட்காரவைத்தேன். பதினொரு வயதுப் பையனுக்கு ஐந்து வயதுக் குழந்தையின் பாடமா என்று அவனுக்கு வெட்கமாக இருக்குமே என்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டோம். இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளை முதலில் எடுத்தேன்: ஸ், ம், ன். இங்கிலீஷ்காரக் குழந்தைகளுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. அவர்களுடைய உபாத்தியாயர்கள் உயிரொலி கலக்காமல் மெய்யை மட்டும் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுகிறார்கள். நாமோ புள்ளி வைத்தே மெய்யை எழுதுகிறோம். ஆனால் 'இக், இங், இச்' என்று முன்னால் ஓர் 'இ'யைச் சேர்த்துச் சொல்லிப் பழகிய நாக்கிலிருந்து அந்த 'இ'யைப் பிடுங்க இரண்டு நாள் ஆயிற்று. கரும்பலகையில் எஸ், ஐ, டீ என்று மூன்று எழுத்தை இடைவெளி விட்டு எழுதி, பெயர் சொல்லக் கூடாது, ஒலியை மட்டும் சொல் என்றேன். "ஸ்ஸ்... இ... ட்" என்றான். இடைவெளியைக் குறைத்து எழுதினேன். "ஸ்... இ... ட்." இன்னும் குறைத்தேன். "ஸிட்" என்றான். சொல்லிவிட்டு, வழக்கம்போல் என் முகத்தைப் பார்க்காமல், பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தமிழ் மாதிரியே கூட்டுகிறதா, ஸார்?" என்று கேட்டான்.

"ஆமாம், தம்பி, பெரும்பாலும் அப்படித்தான்."

"அப்படியானால் முதலிலேயே ஏன் ஸார் சொல்லவில்லை?"

இருபது வருஷ உத்தியோகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சொல்லை எழுதினேன்.

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டதாகச் சொன்னால் பொய்யாகும். 'எஃப்' என்ற எழுத்தின் ஒலி அவன் வாயில் நெடுநாள் 'ப்' என்றே வந்தது. 'பேட்' என்று நாம் தமிழில் ஒரே விதமாக எழுதிவிடும் இரண்டு இங்கிலீஷ் சொற்களில், ஒன்றின் முதல் ஒலி உதட்டில் மட்டும் வெடிப்பது, மற்றொன்றில் தொண்டையும் சேர்ந்து அதிர்வது என்று அவன் கையை அவன் தொண்டையிலேயே வைத்துக் காட்டவேண்டியிருந்தது. கிளாக்மானன்ஷைரின் அந்த மூன்றரை மாதக் கணக்கும் என் கண்முன் வந்து நின்றது. மூன்று மாதம் சென்றபின் ஒருநாள் 'லேன்டர்ன்' என்ற நீண்ட சொல்லை அழகாகக் கூட்டி வாசித்தான். "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டேன். தெரியவில்லை. இங்கிலாந்துக் குழந்தை வாயில் சொல்லைக் கூட்டியதும், காதில் முன்பே குடியிருக்கும் சொல் எழுந்து வந்து அடையாளம் சொல்லுகிறது. நம் குழந்தைக்குக் காதில் அந்தச் சொல்லே கிடையாது. ஆகையால் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர் கதை சொல்லவும் வேண்டும், பேசவும் வேண்டும், பொருளைக் கையில் எடுத்துக் காட்டவும் வேண்டும். மறுநாள் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய லாந்தர் விளக்கைத் துடைத்து எடுத்துப் போனேன். "லாந்தரா, ஸார்! இது பாட்டி வீட்டில் இருக்கிறதே!" என்றான். லேன்டர்னும் லாந்தரும் ஒரே சொல்தான் என்று அவனுக்குத் தெரிந்தபோது அடைந்த சந்தோஷம் எனக்கும் புதிதாகவே இருந்தது.

வருஷக் கடைசியில் ஒருநாள் கையில் ஓர் அட்டைப் பெட்டியுடன் வந்தான். கடையில் வாங்கிய சமையலறைக் கத்தியின் உறை அது. அதன்மேல் அச்சிட்டிருந்த சொல்லை விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டியிருக்கிறான். 'க்நைஃப்' என்று வந்திருக்கிறது. கடைக்காரரோ 'நைஃப்' என்றாராம். "இந்தக் 'கே' ஏன் ஸார் வாயை மூடிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டான். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கிலீஷ்காரர்கள் அந்தக் 'க்'கையும் சேர்த்தே உச்சரித்தார்கள், நாளடைவில் பேச்சில் அது உதிர்ந்துபோயிற்று, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது என்று சொன்னேன். சற்று யோசித்தான்.

"அப்படியானால் நான் படித்தது சரிதான், ஸார்; அவர்கள்தான் பாதியில் விட்டுவிட்டார்கள்" என்று சொல்லி, பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.